நிலையாமையும் கைவிடுதலும்

தோன்றியன யாவும் மறையும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், மறுக்கவொண்ணாத உண்மையும் தகாத இடத்தில் எடுத்துரைக்கப்படுமாயின் பொய்யின் வேலையையே செய்துவிடும். இதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்மையில் நம் ஈஜிபுராவில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல் இதனை நமக்கு உணர்த்திற்று.

ஞாயிறு மாலையில் நாம் கூடிப் படிப்பது வழக்கம். அன்று வந்திருந்த இளைஞர் சிலர் குதிரேமுகம் சென்று திரும்பியிருந்தனர். மலைகளுக்கு நடுவே ஓர் ஊர் ஆளின்றிக் கிடப்பதையும், வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளுக்குள் செடிகொடிகள் புகுந்திருப்பதையும், ஊருக்கு அப்பால் மலையிடுக்கில் ஒரு பெரிய ஏரி செந்நிறச் சேற்றோடு விரிந்து கிடப்பதையும் அவர்கள் வியப்போடு விவரித்தனர். “நூலில் படித்த அநித்தியத்தை அங்கே கண்ணால் கண்டோம்” என்றார் அவர்களுள் ஒருவர்.

அப்பொழுது ஒரு மூதாட்டியார் வாய் திறந்தார். 2013ஆம் ஆண்டு ஜனவரியில் ஈஜிபுராவிலிருந்த ஏழை மக்கள் குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டபொழுது, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சில நாட்களுக்குள் தெருவுக்கு வந்தன. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். “தம்பி, எல்லாம் அழியும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு என் வீட்டை இடித்தபோது பக்கத்தில் நின்றவர்களும் இதையேதான் சொல்லி என்னைத் தேற்றினார்கள். இடிக்கிறவர்களிடம் போய் ஒருவரும் இதைச் சொல்லவில்லையே, அது ஏன்?” என்று கேட்டார்.

அவையில் எவருக்கும் உடனே விடை தோன்றவில்லை. அவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். நிலையாமை என்னும் உண்மை எவர் எவரை நோக்கிச் சொல்லத்தக்கது? அழிந்ததைக் கண்டு அமைதியுறுதல் ஒன்று. அழிய விட்டவன் அமைதியுறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றாகுமா?

ஆராய்ச்சி காற்றில் மிதவாதிருக்க, இளைஞர்கள் கண்ட ஊரின் வரலாற்றையே முதற்கண் எடுத்துக்கொள்வோம்.

குதிரேமுகம், சிக்கமகளூரு மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,890 மீட்டர் உயரமுள்ள சிகரமாகும். குதிரையின் முகம்போல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. ஆண்டில் பாதிக்கு மேல் மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாடு அது. மலைமுகடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும் அமைந்து, விழும் நீரைப் பஞ்சுபோல் ஏந்திச் சிறுகச் சிறுகக் கீழே விடுகின்றன. துங்கை, பத்திரை, நேத்திராவதி என்னும் மூன்று ஆறுகளும் அம்மலைத்தொடரிலுள்ள கங்காமூலத்திலிருந்தே பிறக்கின்றன. சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்களுக்கு அச்சோலைகளே வீடு.

அம்மலைக்குள் இரும்புத்தாது இருந்தது. அஃது உயர்ந்த தரமுடையதன்று. நூற்றில் நாற்பது பங்குகூட இரும்பில்லாத தாது. ஆனால் அளவில் மிகப் பெரிது. 1975இல் ஈரான் நாட்டு ஷாவின் அரசு, இருபத்தோர் ஆண்டுகளில் 15 கோடி டன் செறிந்த தாதைப் பெற்றுக்கொள்வதாக நம் அரசுடன் ஒப்பந்தம் செய்து, கடனும் தர இசைந்தது. 1976 ஏப்ரலில் குதிரேமுக் இரும்புத்தாதுக் கம்பெனி நிறுவப்பட்டது. மல்லேசுவரா என்னும் சிற்றூர் இருந்த இடத்தில் புதிய நகரியம் எழுந்தது. பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, விளையாட்டிடம், விருந்தினர் விடுதி ஆகிய யாவும் அமைந்தன. பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் அங்கே குடியேறி, ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே பேருந்தில் வேலைக்குச் சென்றனர்.

ஆண்டொன்றுக்கு 75 இலட்சம் டன் செறிந்த தாது எடுப்பது திட்டம். அதற்கு ஏறத்தாழ மும்மடங்கு மலையை உடைத்து அரைத்தல் வேண்டும். அரைத்துப் பிரித்தது, நீரிற் கரைத்த குழம்பாக 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மங்களூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. பிரித்தபின் எஞ்சிய சேற்றை என் செய்வது? அதற்காகவே பத்திரையின் துணையாறாகிய லக்யா ஓடையின் குறுக்கே சுமார் நூறு மீட்டர் உயரத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. இளைஞர்கள் வியந்து கண்ட மலையேரி அதுவே. அது நீரைத் தேக்க எழுந்த ஏரியினும், மலையின் அரைத்த எலும்பைப் புதைக்க எழுந்த குழி என்பதே பொருந்தும்.

ஆலை ஓடத் தொடங்குமுன்னரே ஈரானில் 1979இல் புரட்சி எழுந்தது. ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. தாதை வாங்க வேண்டியவர் வாங்கவில்லை. 1980இல் ஆலை இயங்கத் தொடங்கியபின் வேறு நாடுகளில் வாங்குவோரைத் தேட வேண்டியதாயிற்று. 1987இல் மங்களூரில் தாதை உருண்டையாக்கும் ஆலையும் அமைந்தது. அதே 1987இல், அம்மலைகளில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்புத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரே அரசின் ஒரு கை மலையை அகழ, மற்றொரு கை அதே மலையைக் காக்கப் புறப்பட்ட விந்தையை நோக்குங்கள்.

சுரங்கக் குத்தகை 1999இல் முடிவுற்று, பின்னர்த் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது. மழைதோறும் சுரங்கத்து வண்டல் பத்திரையில் இறங்குவதையும், காடு அழிவதையும் எடுத்துக்காட்டிப் பலர் போராடினர். ஓய்வுபெற்ற வன அதிகாரி கே. எம். சின்னப்பா அவர்கள் தொடர்ந்த வழக்கில் 2002 அக்டோபர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியோடு சுரங்கம் நின்றது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணாயிரத்தைக் கடந்த மக்களைக் கொண்டிருந்த ஊர், வீடு வீடாக விளக்கணைந்து இருண்டது. கம்பெனியோ வேறிடத்துத் தாதைக் கொண்டு மங்களூர் ஆலையை நடத்தி வாழ்ந்தது. அதன் தலைமை அலுவலகம் நம் ஈஜிபுராவை அடுத்த கோரமங்கலத்தில்தான் உள்ளது. பெயர் மலையினுடையது, இருப்போ நம் அயலில்.

இனி ஆராய்வோம். ஒரு பொருள் நம்மை விட்டு நீங்குவது மூவகையால் நிகழும். முதலாவது, அழிதல். மரம் மூப்பெய்தி வீழ்கின்றது; இதில் எவர் செயலும் இல்லை. இரண்டாவது, துறத்தல். ஒருவன் தனக்கு இன்பந்தரும் ஒன்றைத் தானே விடுகின்றான்; அதனால் வரும் இழப்பைத் தானே ஏற்கின்றான். மூன்றாவது, கைவிடுதல். ஒருவன் ஒன்றைப் பயன்கொண்டு, பயன் தீர்ந்தபின் அகல்கின்றான். இழப்போ பின்னிருப்போர் தலையில் விழுகின்றது.

புறத்தே நோக்குவார்க்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். வெறிச்சோடிய வீடு வெறிச்சோடிய வீடுதான். அதன் சுவரில், இவ்வீடு இவ்வாறு ஒழிந்தது என்று எழுதியிருப்பதில்லை. ஆகையால் கைவிட்டவன் அழிதலின் பெயரைச் சொல்லித் தப்பலாம். இன்னும் துணிந்தவனாயின் துறவின் பெயரையே பூண்டு புகழும் பெறலாம். அறம் இம்மூன்றையும் வேறுபிரித்து அறிய வேண்டிய இடம் இதுவே. பிரித்தறியும் வழி எளிது. எஞ்சிய சுமையை எவன் சுமக்கின்றான் என்று பாருங்கள். துறந்தவன் தன் தோளில் சுமப்பான். கைவிட்டவன் பிறர் தோளில் இறக்கி வைப்பான்.

இவ்விடத்து ஒரு தடை எழும். “சுரங்கத்தை மூடியது நற்செயலன்றோ? காடும் ஆறும் பிழைத்தன. அதனைக் கைவிடுதல் எனப் பழிப்பது முறையா?” என்று அன்பர்கள் கேட்கலாம். சுரங்கம் மூடப்பட்டது நன்றே என்பதில் நமக்கு ஐயமில்லை. எண்ணாயிரம் பேர் பிழைப்புக்காக மூன்று ஆறுகளின் தலையூற்றை அழிக்கலாம் என்று எவரும் வாதிடார். ஆனால் ஒரு செயல் நன்று என்பதனாலேயே அதன் பின்விளைவுக்கு நாம் கடன்பட்டோர் அல்லோம் என்பது பெறப்படாது. நோயுற்ற காலை மருத்துவர் அறுத்தெடுப்பது நற்செயலே. அறுத்தபின் புண்ணைக் கட்டாது போவாராயின் முன்செய்த நன்மையே அவரைக் குற்றவாளியாக்கும். ஒப்பந்தக் கூலியாக வந்து, அங்கேயே மணந்து, அங்கேயே மக்களைப் பெற்று, ஓர் அறிவிப்பில் ஊரற்றுப் போனவன் காட்டுக்குப் பகைவனல்லன். காடு காக்கப்பட்டதன் விலையில் தன் பங்கினும் மிகுதியாகக் கொடுத்தவன் அவனே. அவனுக்கு நன்றி கூறினார் எவர்?

இன்னொரு தடையும் உண்டு. இது முன்னையதினும் நுண்ணியது. “வினைக்கு வேர் எண்ணம். இங்கே தீய எண்ணங்கொண்டவர் யார்? ஒப்பந்தம் செய்தவர் நாட்டு வளம் கருதினார். ஈரான் தன் புரட்சியால் விலகிற்று. கம்பெனி தன் தொழிலைச் செய்தது. நீதிமன்றம் சட்டத்தைக் காத்தது. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். பின் எவரைக் கைவிட்டவர் என்று சுட்டுவது?” என்பர்.

உண்மைதான். பலர் கூடிச் செய்யும் செயலில் குற்றம் உப்புப்போல் கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாவுக்குத் தெரியும். குற்றவாளி கிடைக்கவில்லை என்பதால் துன்பமும் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே பழியை எவர்மேல் ஏற்றுவது என்னும் வினாவை ஒருபுறம் வைத்து, பேணுதல் எவர் கடன் என்று கேட்பதே தக்கது. பழிக்கு ஆள் தேடுவோர் ஒருவரையும் காணாது திரும்பலாம். கடனுக்கு ஆள் தேடுவோர் பலரைக் காண்பர். அச்செயலால் பயன் துய்த்தார் எவரோ அவர் யாவரும் அக்கடனில் பங்குடையார்.

இனி லக்யா அணையை மீண்டும் நினைப்போம். இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. ஊர் ஒழிந்தது, எந்திரங்கள் ஓய்ந்தன, ஒப்பந்தம் மடிந்தது, ஒப்பந்தம் செய்த அரசு ஒன்றே மடிந்தது. ஆனால் அணைக்குப் பின்னே தேங்கிய கோடிக்கணக்கான டன் சேறு மட்டும் போகவில்லை. அங்கே மழை மிகக் கடுமையாகப் பொழியும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவ்வணையின் கரையை ஒருவர் நடந்து பார்த்தாக வேண்டும். நீர் வழியும் வாயில் அடைபடாது ஒருவர் காத்தாக வேண்டும். கீழே பத்திரை ஓடுகின்றது. அதன் கரையில் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. “எல்லாம் அநித்தியம்” என்று சொல்லிக் காவலன் வீட்டுக்குப் போய்விடலாமா? அணையும் அநித்தியமன்றோ? அது நிலையாதது என்பதனால்தானே காவல் வேண்டப்படுகின்றது?

நிலைத்து நிற்கும் பொருளுக்குக் காவல் வேண்டா. நிலையாப் பொருளுக்கே வேண்டும். ஆதலின், நிலையாமையை மெய்யாக உணர்ந்தவன் கைகழுவிப் போகான், முன்னினும் விழிப்பாவான். மகாபரிநிர்வாண சூத்திரத்தில் பகவான் இறுதியாக அருளியதாகக் கூறப்படும் மொழி, நிலையாமையைச் சொல்லி அத்துடன் நின்றுவிடவில்லை. உடன்தொடர்ந்து, சோர்வின்றி முயலுமாறு பணிக்கின்றது. நாமோ முற்பாதியை இரவல் வாங்கிக்கொண்டு பிற்பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முற்பாதி ஆறுதல் தருகின்றது. பிற்பாதி வேலை தருகின்றது. ஆறுதலை விரும்பி வேலையை வெறுப்பது மனித இயல்பு.

இவ்வுண்மை நம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. கோலார் தங்கவயலை அறியாதார் நம்மிடை உளரோ? 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்தினர். வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம் முன்னோர், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து உழைத்தனர். மாரிகுப்பத்தில் 1907இல் பௌத்த சங்கம் கண்டவர்களும், அயோத்திதாச பண்டிதரின் ‘தமிழன்’ இதழைப் படித்துத் தலைநிமிர்ந்தவர்களும் அவ்வுழைப்பாளரே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, சயனைடு கலந்த மண்மேடுகள் நின்றன. காற்றடிக்கும் காலத்தில் அம்மண் வீடுகளுக்குள் புகுவதை அங்கு வாழ்வோர் அறிவர். சுரங்கம் மூடியபின் விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் ஊர் திரும்புவதே அவர்களுள் பலரது வாழ்வாயிற்று. அவர்களை நோக்கி நிலையாமையைப் போதிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அதனைக் கேட்க வேண்டியோர் தங்கத்தை எடுத்துச் சென்றோர்.

இடம்விட்டு இடம் பெயர்வோர் ஓய்வுக்காக எழுப்பிய ஊர்களும் இவ்வாறு ஒழிந்ததுண்டு. சந்தூர் மலையிலுள்ள இராமன்துர்க்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்லாரியின் வெள்ளைப் படையினர் உடல்தேறத் தங்கும் மலைவாசமாக இருந்து, பின்னர்க் கைவிடப்பட்டு இடிபாடாயிற்று. அங்கே நச்சுமண் எஞ்சவில்லை. ஆற்றை அச்சுறுத்தும் அணை எஞ்சவில்லை. கூரை வீழ்ந்தது; காடு மூடிற்று; அவ்வளவே. எல்லா நீங்குதலும் ஒரே எடையுடையன அல்ல என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். எத்துணை ஆழமாகத் தோண்டினோமோ அத்துணை நீளமானது நம் கடன்.

குதிரேமுகத்தைச் சுற்றுலா இடமாக்க வேண்டும் என்னும் பேச்சு சுரங்கம் மூடிய நாள் முதல் பலமுறை எழுந்ததுண்டு. பாழடைந்த ஊரைக் காண்பதில் ஓர் இன்பம் இருப்பது மெய்யே. அவ்வின்பத்தை நாம் குற்றமெனக் கூறோம். ஆயினும், பாழ்வீட்டு வாயிலில் நின்று படம் பிடிப்பவன், அவ்வீட்டில் உலை கொதித்ததையும், குழந்தை படித்ததையும், கடைசி நாளில் சாவியை ஒப்படைத்த கை நடுங்கியிருக்கும் என்பதையும் ஒருகணம் எண்ணட்டும். எண்ணாது காணும் காட்சி அழகை மட்டும் தரும், அறிவைத் தராது.

இனி நம் பக்கம் திரும்புவோம்; பிறர் கடனைக் கணக்கிடுவது எளிது. நம் பெங்களூரும் கைவிட்டவற்றின்மேல் எழுந்த நகரமே. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் இருக்கின்றது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் விளையாட்டரங்கு இருக்கின்றது. நம் அயலில் கோரமங்கலத்திலும் 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிக்கென எழுந்த அடுக்குமாடிகள் ஏரிப்படுகையின் மேல் நிற்பனவே. மழை மிகுந்த இரவில் நீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகின்றது. நாம் அதனை வெள்ளம் என்று பெயரிட்டுத் திட்டுகின்றோம். நம் வீட்டுக் கூரைக் கம்பியும், சமையற் பாத்திரமும், ஏறிச்செல்லும் வண்டியும் எங்கோ ஒரு மலையின் வயிற்றிலிருந்து வந்தவையே. அம்மலையடியில் ஒரு சேற்றுக்குழியும், ஓர் ஒழிந்த ஊரும் இருக்கக்கூடும். நாம் அவற்றைக் கண்டதில்லை என்பது நம் கடனைக் குறைக்காது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? மலைக்குச் சென்று அணையைக் காக்க நம்மால் இயலாது. இயலுவன மூன்று. ஓர் ஊரோ தொழிலோ தொடங்கும்பொழுதே, இது முடியும் நாளில் எஞ்சுவதை எவர் பேணுவார் என்று கேட்கும் வழக்கத்தை நாம் உண்டாக்கலாம். தொடக்க விழாவுக்குக் கூடும் கூட்டத்தில் இதனைக் கேட்பவன் மங்கலங்கெட்டவன் எனப்படுவான், படட்டும். நம் நுகர்ச்சியைச் சுருக்கலாம். வேண்டாத ஒன்றை வாங்காதிருப்பது ஒரு மலையிடுக்கில் ஒரு கூடைச் சேற்றைக் குறைப்பதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடிழந்து நம் தெருவுக்கு வருவோரிடம் தத்துவம் பேசாது, இருக்க இடமும் குடிக்க நீரும் முதலில் கொடுக்கலாம்.

மூதாட்டியாரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம் என எண்ணுகின்றோம். நிலையாமை என்பது முதன்மையாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத்தக்க உண்மை. தன் செல்வத்தை நோக்கி, தன் அதிகாரத்தை நோக்கி, தன் உடம்பை நோக்கி ஒருவன் அதனைச் சொல்லிக்கொள்வானாயின் அது ஞானம். பிறனுடைய வீட்டை நோக்கி, பிறனுடைய வேலையை நோக்கி, பிறனுடைய இழப்பை நோக்கிச் சொல்வானாயின் அது கடுமை. இடித்தவர்களிடம் ஒருவரும் அதனைச் சொல்லவில்லை என்பது மெய். வலியாரிடம் உண்மை பேச அஞ்சி, மெலியாரிடம் அதனைப் பேசி நிறைவு கொண்டோம். அக்குறை நம்முடையது.

அடுத்த ஞாயிறன்று இவ்விடையை அவரிடம் கூறினோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “அந்த ஏரிக்கரையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார். தன் வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. முன்பின் காணாத மலையில், முன்பின் காணாத மக்கள் தலைக்குமேல் நிற்கும் சேற்றைப் பற்றிக் கேட்டார். கைவிடப்பட்டவர் கைவிடாதிருக்கக் கற்றுக்கொண்டார். கைவிட்டவர்களாகிய நாம் அவரிடம் கற்கக் கடவோம்.